டீச்சருக்குப் பதில் டீச்சர் வீட்டுக்காரர்

அழைப்பு மணி மூன்றாவது தடவை அடித்தபோதுதான், கதவைத் திறக்க வேண்டிய ஆள் தான்தான் என்பது கிரேன்காரருக்கு உறைத்தது. பதினோரு வருஷமாக அந்த வீட்டில் மணி அடித்தால் எழுந்து போவது அவர் மனைவி. அவர் செய்வதெல்லாம், கையிலிருக்கும் செய்தித்தாளைச் சுருட்டிக்கொண்டு படுக்கையறைக்குள் நழுவுவதுதான். இன்றைக்குப் படுக்கையறையில் மனைவி இருந்தாள், கதவைச் சாத்திக்கொண்டு. போக இடமில்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய்த் திறந்தார். கீழ்த்தளத்தில் குடியிருக்கும் தபால்காரர் நின்றுகொண்டிருந்தார். ஓய்வுபெற்று ஏழு வருஷமாகியும் கையில் ஏதாவது ஒரு காகிதம் இல்லாமல் படியேற மாட்டார். இன்றும் ஒரு விண்ணப்பப் படிவம் வைத்திருந்தார்.

“டீச்சர் இருக்காங்களா?”

“இருக்காங்க.”

தபால்காரர் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தார். கிரேன்காரரும் காத்திருந்தார்.

“கொஞ்சம் பாக்கலாமா?”

“முடியாது. பேச மாட்டாங்க.”

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். இரண்டு கேள்வி, இரண்டு பதில், ஒன்றும் வீணாகவில்லை என்று அவருக்கு ஒரு திருப்தி. உள்ளேயிருந்து பேனாவால் அலமாரியைத் தட்டும் சத்தம் கேட்டது. போனார். டீச்சர் மடியில் வெள்ளைப் பலகையை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ‘யாரு? என்ன சொன்னீங்க?’ என்று எழுதியிருந்தாள். நடந்ததை ஒரு எழுத்து மாறாமல் சொன்னார். டீச்சர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பலகையைத் துடைத்துவிட்டு, அவசரத்தில் எழுத்தெல்லாம் சாய, ‘நான் கோவமா இருக்கேன்னு நெனச்சிருப்பார். ஓடுங்க!’ என்று எழுதினாள்.

ஓடினார். பின்னாலேயே போய், கீழ்த்தளத்து வராந்தாவில் தபால்காரரைப் பிடித்தார். “கோவம் இல்ல. ஆபரேஷன். தொண்டை. ரெண்டு வாரம்” என்றார், மூச்சு வாங்க. தபால்காரர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். “அதச் சொல்றதுக்கு என்ன சார்? நான் என்ன தப்புப் பண்ணேன்னு யோசிச்சிக்கிட்டே எறங்கி வந்தேன்.” கிரேன்காரர் மேலே திரும்பி வந்தபோது பலகையில் அவருக்கு மார்க் போட்டிருந்தது. பத்துக்கு மூன்று. மூன்றும் ஓடியதற்குத்தான்.

பதினாறு வருஷம் சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தியதில் டீச்சரின் குரல்நாணில் மிளகு அளவுக்கு இரண்டு கட்டி வந்திருந்தது. எடுத்தாகிவிட்டது. இரண்டு வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, அது கத்துவதைவிடக் கெடுதல் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மீறினால் பழைய குரல் திரும்பும் என்று தன்னால் உத்தரவாதம் தர முடியாது என்றும் சொன்னார். பேசாமல் இருப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். மனுஷ முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க டீச்சரால் ஆகாது. அது அவளுக்கே தெரியும். அதனால்தான் யார் வந்தாலும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது என்று முடிவு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், டாக்ஸியில், கரகரத்துப்போன குரலில் அவள் கடைசியாகப் பேசியது இதைத்தான்: “கொரல் போனாக்கூட ஒரு மாதிரி சமாளிச்சுக்குவேங்க. ஆளுங்க போயிடக் கூடாது. ரெண்டு வாரம் வாசல நீங்கதான் பாத்துக்கணும்.”

இந்த வேலையை யார் தலையில் கட்டினாள் பாருங்கள். இருபத்திரண்டு வருஷமாகக் கட்டுமான வேலையில், நாற்பது மாடி உயரத்தில், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்திருந்தவர் அவர். காலையில் ஏணி ஏறினால் சாயங்காலம்தான் இறக்கம். சோறு, தண்ணீர், சகலமும் மேலேதான். பேச்சுத்துணை என்று பார்த்தால் கையிலிருக்கும் வாக்கி டாக்கி. அதில் வருவதும் போவதும் ‘தூக்கு’, ‘இறக்கு’, ‘இடது’, ‘நிறுத்து’ என்று நாலே வார்த்தை. ஒரு கட்டடம் முடிந்து, அடுத்த இடத்தில் கிரேனை நிறுத்த ஒரு மாதம் இருந்ததால் இப்போது தரையில் இருந்தார். தரை அவருக்கு ஒத்துக்கொண்டதே இல்லை. கல்யாண வீடு, ஆஸ்பத்திரி, சலூன் எங்கே போனாலும் ஓர் ஓரமாகப் பார்த்து நின்றுகொண்டு, கடுகடுவென்று முகத்தை வைத்துக்கொள்வார். கோபமெல்லாம் ஒன்றுமில்லை. முகத்தை வேறு எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாது, அவ்வளவுதான்.

டீச்சர் அப்படியே நேர்மாறு. வீடு இரண்டாவது மாடியில்தான். கீழேயிருந்து அவள் ஏறிவர இருபத்தைந்து நிமிஷம் ஆகும். மீட்டர் பார்க்க வருகிற ஆளின் முட்டிவலி எந்த முட்டியில் என்பது அவளுக்குத் தெரியும். ஸ்க்ரூடிரைவர் இரவல் கேட்க வந்தவர்கள் ஸ்க்ரூடிரைவரை மறந்துவிட்டு, சிரித்த முகமாகத் திரும்பிப் போவதைக் கிரேன்காரர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். இதில் பொறாமை என்று ஒன்றும் அவருக்கு இல்லை. பெருமைதான். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் சிரிப்பு, தன் வீட்டில் ஓடுகிற தண்ணீர் மாதிரி என்று நினைத்துக்கொள்வார். ஒரே ஒரு முறைதான் வருத்தப்பட்டார். மணிக்கட்டு முறிந்து கட்டோடு வீட்டில் கிடந்தபோது கட்டடமே திரண்டு வந்தது. எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து டீச்சரிடம் அவரைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார்கள். ஒருத்தர்கூட உள்ளே வந்து அவரை எட்டிப்பார்க்கவில்லை. அன்றைக்கு வலித்தது கை மட்டும் இல்லை.

முதல் மூன்று நாள் அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. டீச்சர் பலகையில் எழுதிக்கொடுத்ததையெல்லாம் செய்தார். ‘சிரிங்க’ என்றாள். சிரித்தார். தபால்காரர், “பல்லு வலியா சார்?” என்று கேட்டார். ‘ஏதாவது விசாரிங்க’ என்றாள். மூன்றாம் மாடித் தையல்கார அம்மாவிடம், “உங்களுக்கு என்ன வயசு?” என்று விசாரித்தார். அந்த அம்மா வந்த காரியத்தைச் சொல்லாமலே திரும்பிவிட்டாள். அன்றைக்குப் பத்துக்கு ஒன்று. நாலாம் நாள் பலகையில் ஒன்றும் எழுதவில்லை. ஜன்னல் வழியாகக் கீழே படியோரம் நின்று பேசிக்கொண்டிருந்த பெண்களையே டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் மேலே வரவில்லை. அவள் பதினோரு வருஷமாகச் சேர்த்து வைத்த ஜனத்தை நான் பதினாலு நாளில் விரட்டிவிடுவேன் போலிருக்கிறதே என்று கிரேன்காரர் முதல் தடவையாகப் பயந்தார்.

அன்று சாயங்காலம் தபால்காரர் மறுபடி வந்தார். அதே படிவம், எங்கே கையெழுத்துப் போடுவதென்று டீச்சரைக் கேட்டுச் சொல்ல வேண்டுமாம். கிரேன்காரர் அவரை உட்கார வைத்தார். என்ன பேசுவதென்று தெரியாததால் பேசாமல் இருந்தார். தபால்காரரே, சும்மா பேச்சுவாக்கில், பையன் வெளியூரில் இருக்கிறான், முன்னே எல்லாம் ஞாயிற்றுக்கிழமையானால் போன் வரும், இப்போது இரண்டு வாரமாக வேலை அதிகம் போல என்றார். இதையும் டீச்சரிடம் சரியாகச் சொல்ல வேண்டுமே என்ற பதற்றத்தில் கிரேன்காரர் தொழில் பழக்கத்துக்குப் போய்விட்டார். கிரேனில் ஒரு சட்டம் உண்டு. கீழேயிருந்து வரும் உத்தரவை அப்படியே திருப்பிச் சொல்லாமல் மேலே ஒரு நெம்புகோலைக்கூடத் தொடக் கூடாது. தப்பாகத் திருப்பிச் சொன்னால் திருத்த வேண்டியது கீழே நிற்பவரின் பொறுப்பு.

“பையன் ரெண்டு ஞாயித்துக்கிழமையா போன் பண்ணல. சரியா?” என்றார், கூண்டுக்குள் இருப்பவர் குரலில்.

தபால்காரர் நிமிர்ந்து பார்த்தார். படிவத்தை நாலாக மடித்தார். பிரித்தார்.

“ரெண்டு இல்ல” என்றார். “அஞ்சு.”

“அஞ்சு ஞாயித்துக்கிழமை.”

“நானா போன் பண்ணலாம். பண்ணா, எடுக்கலன்னா என்ன பண்றதுன்னு இருக்கு.”

“எடுக்கலன்னா என்ன பண்றதுன்னு இருக்கு” என்றார் கிரேன்காரர். அவ்வளவுதான் செய்தார். ஆறுதல் சொல்லவில்லை, புத்தி சொல்லவில்லை, சொல்லத் தெரிந்தால்தானே. தபால்காரர் முக்கால் மணி நேரம் பேசினார். போகும்போது கிரேன்காரரின் தோளைத் தொட்டு, “வரேன் தம்பி” என்றார். சார் தம்பியாகிவிட்டதை வாசலில் நின்றே ஒரு தரம் யோசித்துப் பார்த்தார் கிரேன்காரர். உள்ளே போனபோது டீச்சரிடம் ஒப்பிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வந்தவர் பேசியது மூடிய கதவுக்குப் பின்னால் கேட்கவில்லையே தவிர, இவர் திருப்பிச் சொன்னதெல்லாம் கணீரென்று கேட்டிருந்தது. காற்றும் மோட்டார் சத்தமும் தாண்டிப் பேசிப் பழகிய தொண்டை. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘எங்கிட்ட ரெண்டு வாரம்னுதான் சொன்னார்’ என்று எழுதினாள். கீழே பத்துக்கு எட்டு.

அதற்குப் பிறகு மணி அடித்துக்கொண்டே இருந்தது. டீச்சர் எப்படி இருக்கிறாள் என்று விசாரிக்க வருகிறவர்கள், உட்கார்ந்தால் எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்தார்கள். தாங்கள் சொன்னதை அந்த முரட்டு முகம் அத்தனை கவனமாக, ஒரு வார்த்தை சிந்தாமல் திருப்பிச் சொல்வதைக் கேட்டபோது அவர்களுக்கு என்னவோ ஆனது. தான் சொன்னது இன்னொருத்தர் வாயிலிருந்து வந்தால்தான் அது பொய்யா மெய்யா என்று தெரியும் போலிருக்கிறது. கிரேன்காரர் கண்ணாடி முன்னால் தலையை ஒரு தரம் கூடுதலாக வாரிக்கொண்டார். பிஸ்கட் டப்பா காலியானால் சொல்லாமலே நிரப்பி வைத்தார். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். சிரிப்பதற்கும் டாக்டர் தடை போட்டிருந்தார்.

எட்டாம் நாள் எல்லாம் கவிழ்ந்தது. தையல்கார அம்மா வந்திருந்தாள். வயது விசாரித்த விஷயத்தை மன்னித்துவிட்டாள் போலிருக்கிறது. அரை மணி நேரம் ஊசி, நூல், முதுகுவலி என்று பேசினாள். உண்மையில் சொல்ல வந்ததை எல்லாரையும்போல எழுந்து, செருப்பைப் போட்டு, வாசப்படியைத் தாண்டிய பிறகுதான் சொன்னாள். முணுமுணுவென்று, தரையைப் பார்த்துக்கொண்டு. கிரேன்காரர் குனிந்து, உன்னிப்பாகக் கேட்டார். கேட்டுவிட்டு நிமிர்ந்து, பழக்க தோஷத்தில், நாற்பது மாடிக்குக் கேட்கிற குரலில் சொன்னார்:

“மருமக வந்ததுலேர்ந்து சொந்த வீட்லயே விருந்தாளி மாதிரி இருக்கு. சரியா?”

மாடிப்படி முழுக்க அது எதிரொலித்தது. நாலு படி கீழே, மருந்துக்கடை வேலை முடிந்து, தோளில் பையோடு அந்த மருமகள் வந்துகொண்டிருந்தாள். நின்றாள். மாமியாரைப் பார்த்தாள், கிரேன்காரரைப் பார்த்தாள், பிறகு யாரையும் பார்க்காமல் இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து மேலே ஏறிப் போனாள். தையல்கார அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. “நல்லா இருக்கு சார் நீங்க பண்ணது” என்றாள். அவளும் ஏறிப் போனாள். மூன்றாம் மாடியில் கதவு சாத்தும் சத்தம் இரண்டு தடவை கேட்டது.

மூன்று நாள் மணியே அடிக்கவில்லை. செய்தி கீழ்த்தளம் வரை போயிருக்கும். தபால்காரர்கூடப் படியில் பார்த்தபோது தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். அவர் பையன் விவகாரமும் இப்படி ஒரு நாள் படிக்கட்டில் ஒலிக்குமோ என்ற பயமாக இருக்கும். கிரேன்காரர் சோற்றில் கைவைத்துவிட்டு எழுந்துவிட்டார். தனக்கு இதெல்லாம் வராது என்று தெரிந்தும் ஏன் மூக்கை நுழைத்தோம் என்று நொந்துகொண்டார். இந்த வெட்கத்தைவிட நாற்பதாவது மாடிக் காற்று எவ்வளவோ மேல். “அடுத்த சைட்டுக்கு முன்கூட்டியே போயிடறேன்” என்று டீச்சரிடம் சொன்னார். “ஒன்ன பாத்துக்க ஒங்கக்காவ வரச்சொல்லலாம்.”

டீச்சர் ரொம்ப நேரம் அவரையே பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் பலகையை எடுத்து, நிதானமாக, குழந்தைகளுக்கு எழுதுகிற அழகான குண்டு எழுத்தில் எழுதினாள். ‘நான் இதவிட எவ்ளோ உளறியிருக்கேன் தெரியுமா? மறுநாளே அந்த வீட்டுக்குப் போய் நின்னுடுவேன். கால் நடுங்கும். ஆனா போயிடுவேன்.’

கிரேன்காரர் அதை இரண்டு தடவை படித்தார். பதினோரு வருஷமாக அவள் எடுப்பாகச் சிரித்துக்கொண்டு படியிறங்கிப் போனதெல்லாம் அவர் நினைவில் இருந்தது. அந்தக் காலில் எத்தனை நாள் நடுக்கம் இருந்ததோ, அவர் கவனித்ததே இல்லை. நாற்பது மாடி ஏணியில் ஏறுகிற தன்னை எல்லாரும் தைரியசாலி என்கிறார்களே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. அவளுடைய தைரியத்துக்கு முன்னால் இதெல்லாம் எந்த மூலைக்கு?

“போய் என்னன்னு சொல்றது?” என்றார்.

டீச்சர் பலகையைத் துடைத்தாள். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். ‘அது எனக்கும் தெரியாது’ என்று எழுதினாள்.

ஒரே ஒரு மாடிதான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். கதவுக்குப் பின்னால் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மணியை அடித்ததும் மருமகள்தான் திறந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

“அன்னைக்குக் கத்திட்டேன்மா” என்றார். “மேல ஒக்காந்து பழகின வாய். என் தப்புதான். உங்கத்தைய தப்பா நெனைக்காத.”

“அவங்க சொல்லாததயா நீங்க சொன்னீங்க?”

பொய் சொல்லலாம். டீச்சராக இருந்தால் நயமாக ஏதாவது சொல்லியிருப்பாளோ என்னவோ. அவருக்கு வரவில்லை. “இல்ல. சொன்னாங்க. ஆனா எங்கிட்ட சொன்னது அது. ஒன் காதுல விழ வெச்சது நான்.”

அந்தப் பெண் கதவின் தாழ்ப்பாளை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றாள். இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும். சட்டென்று அவள் கண் நிறைந்துவிட்டது.

“இந்த வீட்ல எந்தத் தட்டு எங்க இருக்கணும்னு எனக்கு இன்னும் தெரியாது சார். எதத் தொட்டாலும் அவங்க பின்னாடியே வந்து எடுத்து வேற எடத்துல வெப்பாங்க. ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, எடுத்து வெப்பாங்க. அப்ப விருந்தாளி யாரு சார்?”

கிரேன்காரரின் வாய் தானாகத் திறந்தது. முதல் வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மூடிக்கொண்டார். இருபத்திரண்டு வருஷத்தில் ஓர் உத்தரவைத் திருப்பிச் சொல்லாமல் விழுங்கியது அதுதான் முதல் தடவை. அந்த அமைதியில்தான், உள்ளே தையல் மெஷின் எப்போதோ நின்றுவிட்டது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

மருமகள் திரும்பிப் பார்க்கவில்லை. கிரேன்காரர், “வரேம்மா” என்று, தன்னால் முடிந்த அளவு மெதுவாகச் சொல்லிவிட்டு இறங்கி வந்தார். கால் நடுங்கத்தான் செய்தது. டீச்சரிடம் அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என்ன ஆயிற்று என்று அவள் பலகையை நீட்டியபோது, “போனேன். நின்னேன். வந்துட்டேன்” என்றார். அவளும் துருவவில்லை. பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

பதினைந்தாம் நாள் காலை டாக்டர் குழாய் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, புண் ஆறிவிட்டது, பேசலாம் என்றார். ஆனால் மணிக்கு ஐந்து நிமிஷம்தான், அதுவும் மெதுவாக. டீச்சர் வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை. முதல் ஐந்து நிமிஷத்தை யாருக்கென்று எடுத்து வைத்திருக்கிறாளோ, கிரேன்காரர் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கூடத்து நாற்காலிகளைத் துடைத்தாள். பிஸ்கட் டப்பாவைத் திறந்து பார்த்தாள். பதினொரு மணிக்கு மணி அடித்தது. அவர் எழுவதற்குள் அவள் பாதி தூரம் போய்விட்டாள். அவரும், பதினோரு வருஷப் பழக்கத்தில், செய்தித்தாளை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெயிலில் போய்வந்த சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். இனி அவள் பாடு. ஆட்கள் திரும்பி வந்துவிட்டார்கள், அது போதும் என்று நினைத்தார். நினைத்தாரே தவிர, செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

வாசலில் தையல்கார அம்மாவின் குரல். “டீச்சர்! எழுந்து நடமாடறீங்களே! கொரல் வந்துடுச்சா?” டீச்சர் ஏதோ சொன்னாள், புதுக் குரல், பழையதைவிடக் கொஞ்சம் கனம். அந்த அம்மா சந்தோஷத்தில் கையைத் தட்டினாள். பிறகு இன்னொரு குரல், இளைய குரல், தயங்கித் தயங்கிக் கேட்டது.

“சார் இருக்காரா?”

கிரேன்காரர் செய்தித்தாளை இறக்கினார். எந்தச் சார் என்று ஒரு கணம் யோசித்தார்.

கதவு திறந்தது. டீச்சர் நின்றாள். பதினாலு நாளாகப் பேச்சுக்கு ஏங்கிக் கிடந்தவள், கையிலிருக்கிற ஐந்து நிமிஷத்தில் இன்னும் நாலு மிச்சம் வைத்திருந்தவள். அவள் முகத்தில் ஒரு துளி ஏமாற்றம் இருந்தது. அதை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை. அதற்கு மேலே, பொங்கிக்கொண்டு, வேறொன்று இருந்தது. அவரை அவள் அப்படிப் பார்த்து ரொம்ப வருஷமாகியிருந்தது.

“ஏங்க” என்றாள். “உங்களத்தான்.”

சட்டையை எடுத்தார். இடது கையைச் சட்டையின் வலது கைக்குள் விட்டு, உருவி, மறுபடி மாட்டினார். பட்டனை ஒன்று தள்ளிப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தார். மாமியாரும் மருமகளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல்.

“நீ சொல்லு” என்றாள் தையல்கார அம்மா.

“நீங்களே சொல்லுங்க அத்தை” என்றாள் மருமகள்.

டீச்சர் போய் வாசல் கதவை, மாடிப்படியில் ஒரு வார்த்தை கசியாதபடி, நன்றாக அழுத்திச் சாத்தினாள். வந்து சுவரோரமாக ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டாள். கிரேன்காரர் நாற்காலியை இழுத்து அந்த இருவருக்கும் நடுவில் போட்டார். தூரமாக இருப்பதுபோலத் தோன்றியது. எழுந்து, இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.